ழகரத்தில் நின்ற பிரிண்டர்

பரந்தனில் இருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35 வீதியில், முரசுமோட்டை தாண்டிக் கொஞ்சம் உள்ளே இறங்கினால் ஓர் அண்ணையின் நெல் களஞ்சியம் இருக்கிறது. மாசி மாதம், காலபோக அறுவடை மும்முரம். மெசின் வெட்டித் தள்ளிய நெல் உழவு மெசின் பெட்டிகளில் வந்து இவருடைய தராசடியில் வரிசை கட்டி நிற்கும். அந்த நேரத்தில்தான் அழைப்பு வந்தது.

“தம்பி, பிரிண்டர் அடிக்குது. ஆனா அது ஒரு பில் அடிச்சு முடியிறதுக்குள்ள சனம் சண்டைக்கு வருது. ஒருக்கா வந்து பாரும்.”

போய்ப் பார்த்தேன். எப்சன் எல்எக்ஸ் 310. ஒன்பது ஊசி உள்ள சின்ன டொட் மாட்ரிக்ஸ், ஊசிகள் ரிப்பனைக் குத்திப் புள்ளி புள்ளியாக எழுதும் வகை. வவுனியாவில் பாவித்ததாக வாங்கியது. மூன்று பிரதித் தொடர் தாள் போட்டிருந்தார்கள்: வெள்ளை விவசாயிக்கு, மஞ்சள் களஞ்சியத்துக்கு, ரோசா கணக்குப் பிள்ளைக்கு. இந்த மூன்று பிரதிக்காகத்தான் இன்னும் டொட் மாட்ரிக்ஸ். லேசரோ இங்க்ஜெட்டோ தாளைத் தட்டாது, தட்டாவிட்டால் அடியில் இருக்கும் பிரதியில் ஒன்றும் விழாது.

பிரிண்டரில் பிழை ஒன்றும் இல்லை. பில்லை எக்செல்லில் போட்டு, விண்டோஸ் டிரைவர் (கணினிக்கும் பிரிண்டருக்கும் நடுவில் நிற்கும் மென்பொருள்) வழியாக அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வழியில் விண்டோஸ் முழுப் பக்கத்தையும் படமாக்கி, அந்தப் படத்தைக் கீற்றுக் கீற்றாக வெட்டி அனுப்புகிறது. எழுத்துத் தெரிந்த ஒரு மெசினுக்கு எழுத்தைப் படமாகக் கீறிக் காட்டுகிற வேலை. தலை போகும், வரும், திரும்பப் போகும். ஒரு பில்லுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்தது. அதோடு பில் ஐந்தரை அங்குலம், டிரைவர் நினைத்துக்கொண்டிருந்தது பதினொரு அங்குலம். ஒவ்வொரு பில்லுக்குப் பின்னாலும் ஒரு வெறும் தாள் வெளியே வந்தது. அண்ணை அந்த வெறும் தாள்களை அடுக்கி வைத்திருந்தார், பிள்ளைகள் கணக்குச் செய்யலாம் என்று.

எக்செல்லை விட்டுவிடச் சொல்ல முடியாது. கணக்கு எழுதும் தங்கச்சிக்கு அதுதான் கை வந்தது. ஆகவே பில் விபரத்தை அவர் வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமிக்க, பைத்தன் மொழியில் எழுதிய ஒரு சின்ன நிரல் அதை எடுத்து, பிரிண்டருக்கு விளங்கும் கட்டளைகளைச் சேர்த்து, டிரைவரைத் தொடாமல் நேரே அனுப்பும். இதுதான் திட்டம்.

கட்டளை என்றால் பெரிய விசயம் இல்லை. எழுத்துகளுக்கு இடையில் சில எண்களைச் செருகுவதுதான். எப்சன் எம்எக்ஸ் 80 வந்தது 1980இல். அந்தக் காலத்துக் குறிகளில் பல இன்றைக்கும் அப்படியே வேலை செய்கின்றன. 27 என்ற எண், அதாவது எஸ்கேப், வந்தால் ‘அடுத்து வருவது எழுத்தல்ல, கட்டளை’ என்று பிரிண்டர் காதைத் தீட்டிக்கொள்ளும். 27, 64 வந்தால் எல்லாவற்றையும் மறந்து புதிதாகத் தொடங்கும். 27, 69 தடித்த எழுத்து, 27, 70 அதை நிறுத்தும். 14 வந்தால் அந்த வரி மட்டும் இரட்டை அகலம். 15 வந்தால் எழுத்து ஒடுங்கும். வரிக்கு 80 எழுத்துப் போகும் தாளில் 137 போகும். 18 வந்தால் பழைய அகலத்துக்குத் திரும்பும். 12 வந்தால் அடுத்த தாளின் தலைக்குப் போகும்.

சிக்கல் என்னவென்றால் இந்த எண்களை நோட்பாடில் சும்மா தட்ட முடியாது. பழைய டொஸ் எடிட்டர் இருந்த காலத்தில் கொன்ட்ரோலையும் பி-யையும் அழுத்திவிட்டு எஸ்கேப் சாவியைத் தட்டினால் ஒரு சின்ன இடது அம்புக்குறி விழும், அதுதான் 27. இப்போது நிரலே அந்த வேலையைச் செய்யட்டும் என்று விட்டுவிட்டேன்.

அனுப்பும் வழி இப்படி. பிரிண்டரை விண்டோஸில் பகிர்ந்து ஒரு பெயர் கொடுத்தேன். ‘நெட் யூஸ்’ கட்டளையால் அந்தப் பெயரை எல்பிடி 1 என்ற துறையோடு (போர்ட்) கட்டினேன். இப்போது யூஎஸ்பி வயரில் இருக்கும் பிரிண்டர், பழைய அகலமான பரலல் வயரில் இருப்பது போல நடிக்கும். அதற்குப் பிறகு ‘கொப்பி’ கட்டளையில் கோப்பின் பெயரையும் எல்பிடி 1 என்பதையும் போட்டால் கோப்பு நேரே பிரிண்டருக்குள் விழும். (லினக்ஸ்காரருக்கு இன்னும் லேசு, பிரிண்டரின் சாதனக் கோப்புக்குள் அப்படியே கொட்டலாம். ஆனால் அங்கே வரி முடிவில் 10 (அடுத்த வரிக்கு இறங்கு) மட்டும்தான் இருக்கும், 13 (இடது ஓரத்துக்குத் திரும்பு) இருக்காது. ஒவ்வொரு வரியும் முந்தியது முடிந்த இடத்தில் தொடங்கி, படிக்கட்டு மாதிரி வலது பக்கம் இறங்கிப் போகும். கண்டால் பயப்பட வேண்டாம், 13 சேர்த்தால் சரி.)

முதல் பில் அடித்தது பார்க்கச் சந்தோசமாக இருந்தது. திகதி, மூடை எண்ணிக்கை, நிறை, சாக்குக் கழிவு, தேறிய நிறை, தொகை, எல்லாம் மளமளவென்று பத்துப் பன்னிரண்டு விநாடிக்குள். அட்டவணைக் கோடுகளுக்கு 196 என்ற எண்ணைப் போட்டேன். பிரிண்டரில் பிசி 437 எழுத்து அட்டவணை இருந்தால் அது நீளமான கிடைக்கோடாக விழும். சிறுகோட்டுக் குறியை வரிசையாகப் போடுவதை விட எவ்வளவோ அழகு.

அண்ணை தாளைக் கிழித்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“நல்லாத்தான் கிடக்கு தம்பி. ஆனா பேர் எங்க?”

பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து ஏதோ ஒரு மொழி இருந்தது. தங்கச்சி பெயர்களை எல்லாம் பாமினியில் அடித்திருந்தார். இங்கே பழைய தட்டச்சுக்காரர் எல்லாருக்கும் பாமினிதான் கை. ஆனால் பாமினி என்பது எழுத்துருவின் வேசம் மட்டுமே. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, மேலே தமிழ்ச் சட்டை. புள்ளி வைக்க அரைப்புள்ளிச் சாவியைத் தட்டவேண்டும். பிரிண்டரிடம் அந்தச் சட்டை இல்லை. உள்ளே இருந்ததை அப்படியே காட்டிவிட்டது.

நான் நவீனக்காரன் இல்லையா, எல்லாப் பெயரையும் யூனிகோடுக்கு மாற்றி அனுப்பினேன். இன்னும் மோசம். யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப் 8 முறையில் ஒரு தமிழ் எழுத்துக்கு மூன்று பைட், அதாவது மூன்று எண். ‘ந’ என்றால் 224, 174, 168. பிரிண்டர் அதை மூன்று தனி எழுத்தாகப் படித்து ஒரு கிரேக்க ஆல்பா, ஓர் இரட்டைக் கோணக்குறி, ஒரு தலைகீழ்க் கேள்விக்குறி என்று அடித்தது. எல்லாத் தமிழ் எழுத்தும் 224இல் தொடங்குவதால் பெயர் முழுக்க ஆல்பா. “இது என்ன, சிங்களமும் இல்லை” என்றார் அண்ணை.

ஆங்கிலத்தில் பெயர் போடலாமே என்று சொல்லிப் பார்த்தேன். பில்லைக் கொண்டுபோகிறவர் வாசிக்கவேண்டாமா என்று கேட்டார். அதற்கு மேல் நான் பேசவில்லை.

ஆகத் தமிழை மட்டும் படமாகக் கீறவேண்டும். முழுத் தாளையும் அல்ல, பெயரையும் தலைப்பையும் மட்டும். இதற்கும் பிரிண்டரிடம் கட்டளை இருக்கிறது: 27, 76. அதற்குப் பின் எத்தனை நிரல்கள், அதாவது நிலைக்குத்துப் புள்ளி வரிசைகள், வரப்போகின்றன என்று இரண்டு எண்ணில் சொல்லவேண்டும். முதல் எண்ணோடு இரண்டாவதின் 256 மடங்கைக் கூட்டினால் நிரல் எண்ணிக்கை. தலைப்பு ஆறு அங்குலம், அங்குலத்துக்கு 120 புள்ளி, ஆக 720 நிரல். அது 208உம் 2உம். அதன் பிறகு வரும் ஒவ்வொரு பைட்டும் ஒரு நிரல், மேலிருந்து கீழாக எட்டு ஊசி. மேல் ஊசிக்கு 128, அடுத்ததற்கு 64, அப்படியே பாதி பாதியாகக் குறைந்து அடி ஊசிக்கு 1. எந்த ஊசிகள் குத்தவேண்டுமோ அவற்றின் எண்களைக் கூட்டி அனுப்பினால் போதும். கோலம் போடுகிற கணக்குத்தான்.

எட்டுப் புள்ளி உயரத்தில் தமிழ் நிற்காது. பெயருக்கு இரண்டு கீற்று, தலைப்புக்கு மூன்று கீற்று ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்தேன். இடையில் வெள்ளைக் கோடு விழாமல் இருக்க வரி இடைவெளியை 27, 51, 24 என்று வைக்கவேண்டும். அதாவது ஓர் அங்குலத்தில் 216இல் 24 பங்கு, சரியாக எட்டு ஊசியின் உயரம். இந்த இடத்தில் ஒரு சின்ன முட்டாள் வேலை செய்தேன். தாளின் நீளத்தைச் சொல்லும் கட்டளை 27, 67, 33. முப்பத்து மூன்று வரி, ஐந்தரை அங்குலம். அதை வரி இடைவெளியைக் குறைத்த பிறகு எழுதிவிட்டேன். பிரிண்டர் அந்த நேரத்து இடைவெளியால் 33ஐப் பெருக்கி, தாள் நீளம் மூன்றே முக்காலுக்கும் குறைவு என்று முடிவு கட்டிவிட்டது. அடுத்த பில் முந்தியதின் காலில் தொடங்கியது. முதலில் தாள் நீளம், பிறகுதான் இடைவெளி என்று மாற்றிய பின் ஒழுங்காக நின்றது. ஒருமுறை நீளத்தைச் சொல்லிவிட்டால் பிறகு இடைவெளி மாறினாலும் அது மாறாது.

முதல் தலைப்பு வந்தபோது எழுத்துகள் எல்லாம் மெலிந்து, நெருக்கியடித்து நின்றன. குறுக்கே அங்குலத்துக்கு 120 புள்ளி, நெடுக்கே 72. படத்தை மூன்றுக்கு ஐந்து என்ற கணக்கில் அகலமாக்கிய பிறகு முகம் திரும்பியது.

ஆனால் ‘நெல்’ சரியில்லை. ‘ந’வுக்குப் பின்னால் கொம்பு. ‘கிளிநொச்சி’யிலும் அதே கதை. பைத்தனில் படம் கீறுகிற பில்லோ நூலகம், ரக்ம் என்ற இன்னொரு நூலகம் கூட இல்லாவிட்டால், யூனிகோடு வரிசையை அப்படியே கீறிவிடும். யூனிகோடில் மெய் முதல், கொம்பு பிறகு. கண்ணுக்குக் கொம்பு முன்னால் வரவேண்டும் என்பது அதற்குத் தெரியாது. களஞ்சியத்துக் கணினியில் இணையம் என்பது அண்ணையின் போனில் இருந்து எடுப்பது. ரக்மை இறக்க இரண்டு தரம் முயன்று கைவிட்டேன்.

தங்கச்சிதான் சொன்னார், “அண்ணா, பாமினியில நாங்கள் கொம்பை முதல்ல தானே அடிப்பம்?”

அப்படியே. பாமினி தட்டச்சு மெசினின் பிள்ளை. கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ அதே வரிசையில்தான் அடிப்பது. பழைய பாமினிப் பெயர்களையே எடுத்து, பாமினி எழுத்துருவைக் கொடுத்துக் கீறச் சொன்னால் ஒரு நூலகமும் தேவையில்லை. நான் யூனிகோடுக்கு மாற்றிய பெயர்ப் பட்டியலைக் குப்பையில் போட்டேன். பாமினி போகவேண்டியதுதான் என்று மேடை போட்டுப் பேசுகிறவன் நான். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

இரண்டு நாள் நன்றாகப் போனது. மூன்றாம் நாள் மத்தியானம் மறுபடி அழைப்பு.

“தம்பி, ஓர் ஐயாவின்ர பேரில மட்டும் நிக்குது. அவருக்குப் பிறகு வாற ஆளின்ர பில்லும் பழுதாப் போகுது.”

நான் நம்பவில்லை. போய் அதே பெயரை அடித்தேன். பெயரின் நடுவில், ழகரத்தின் வளைவில், தலை நின்றுவிட்டது. தாளும் வெளியே வரவில்லை. கரண்ட் இருக்கிறது, வயர் இருக்கிறது, விளக்கு எரிகிறது. வேறு பெயரை அனுப்பினேன். முதலில் ஒரு கறுப்புக் கிறுக்கல், அதன் பிறகு பில்லின் மிச்சம், தலைப்பில் பாதி இல்லாமல். அதற்கு அடுத்தது ஒழுங்கு. மறுபடி அந்த ஐயாவின் பெயர், மறுபடி ழகரத்தில் நிற்கிறது. வெளியே நின்ற ஒருவர், “அவருக்குக் கடன் கூடப்போல, மெசினுக்கே தெரியுது” என்றார்.

எல்எக்ஸ் வரிசைப் பிரிண்டர்களில் ஒரு நல்ல வசதி இருக்கிறது. அதிகம் பேருக்குத் தெரியாது. வரி நகர்த்தும் பொத்தானையும் தாள் ஏற்றும் பொத்தானையும் சேர்த்து அழுத்திக்கொண்டு பிரிண்டரைப் போட்டால், அது கட்டளைக்குக் கீழ்ப்படிவதை விட்டுவிட்டு, தனக்கு வரும் ஒவ்வொரு பைட்டையும் எண்ணாகத் தாளில் எழுதிக் காட்டும். வாயில் போட்டதை எல்லாம் மேசையில் துப்பிக் காட்டுகிற மாதிரி. எண்கள் பதினாறு அடிப்படையில் வரும், மாற்றிப் பார்க்கவேண்டும். அந்த ஐயாவின் பில்லை அப்படி அடித்து, தாளை நிலத்தில் விரித்து, கணினியில் இருந்த கோப்போடு விரலை வைத்து ஒப்பிட்டேன். பெயருக்கு 240 நிரல் வரும் என்று சொல்லியிருக்கிறது. தாளில் 97தான் இருக்கிறது. கோப்பில் 240உம் இருக்கிறது. ஆகப் பைத்தன் நிரலில் பிழையில்லை, பிரிண்டரிலும் பிழையில்லை. நடுவில் யாரோ வெட்டியிருக்கிறார்கள்.

கோப்பில் பெயரின் 98ஆவது பைட் எது என்று பார்த்தேன். 26.

நெற்றியில் அடித்துக்கொண்டேன். 26 என்பது கொன்ட்ரோல் இசட். டொஸ் காலத்தில் இருந்து ‘கோப்பு இத்தோடு முடிந்தது’ என்பதற்கு அடையாளம். கொப்பி கட்டளை ஒரு துறைக்கு அனுப்பும்போது, வேறு விதமாகச் சொல்லாவிட்டால், கோப்பை எழுத்துக் கோப்பாக எண்ணிப் படிக்கும். 26ஐக் கண்டதும் அலுவல் முடிந்தது என்று கதவைச் சாத்திவிடும். ஆனால் என்னுடைய 26 முடிவு அல்ல. 16, 8, 2: மேலே இருந்து நாலாவது, ஐந்தாவது, ஏழாவது ஊசி. ழகரத்தின் வளைவில் அந்த ஒரு நிரலில் அப்படி மூன்று புள்ளி விழுந்திருக்கிறது, வேறொன்றும் இல்லை.

பின்னால் வந்தவரின் பில் ஏன் பழுதானது என்பதும் அதோடு விளங்கியது. பிரிண்டர் 240 நிரலுக்காகக் காத்திருந்தது, கிடைத்தது 97. மிச்சம் 143க்கும் அது பொறுமையாக நின்றிருக்கிறது. அடுத்த பில்லின் முதல் 143 பைட்டையும் புள்ளி என்று எண்ணி விழுங்கிவிட்டது. அந்த 143க்குள்தான் நான் கவனமாக எல்லாப் பில்லின் தலையிலும் வைத்திருந்த 27, 64உம் இருந்தது. எல்லாவற்றையும் மறக்கச் சொல்லும் கட்டளையே புள்ளியாகிவிட்டால் யார் மறப்பது?

திருத்தம் இரண்டே குறி. கொப்பி என்ற சொல்லுக்குப் பின் ஒரு சாய்கோடும் பி-யும். பைனரி என்று அர்த்தம். உள்ளே என்ன இருக்கிறது என்று பாராமல் கடைசிப் பைட் வரை கொண்டுபோய்க் கொட்டு என்பது. இது எனக்குத் தெரியாத விசயம் அல்ல. முதல் நாள் வெறும் எழுத்துக்கோப்பு அனுப்பும்போது அது இல்லாமலே வேலை செய்தது, பிறகு படம் சேர்த்தபோது அந்த வரியை நான் திரும்பிப் பார்க்கவில்லை. அதோடு பைத்தனில் கோப்பைத் திறக்கும் இடத்தையும் சரிபார்த்தேன். அங்கும் எழுத்துமுறையில் திறந்தால் விண்டோஸ் ஒவ்வொரு 10க்கும் முன்னால் ஒரு 13ஐத் தானாகச் செருகிவிடும், படத்தில் ஒரு நிரல் கூடிவிடும். நல்லவேளை, அதை மட்டும் தொடக்கத்திலேயே பைனரியாகத் திறந்திருந்தேன்.

ஐயாவின் பெயர் முழுதாக வந்தது. அவர் அதற்குள் நெல்லைப் பறித்துவிட்டு, கையால் எழுதிய சிட்டையோடு விசுவமடுவுக்குப் போய்விட்டார்.

கடைசி வேலை ரோசாத் தாள். எழுத்துகள் மூன்றாம் பிரதியில் தெளிவு, படமாகக் கீறிய பெயர் மட்டும் மங்கல். தாளின் தடிப்புக்கு ஏற்றபடி தலையின் இடைவெளியை மாற்றும் சின்ன நெம்பு இருக்கிறது. அதைத் தள்ளிப் பார்த்தேன், ரிப்பனை மாற்றினேன், கொஞ்சம்தான் முன்னேறியது. பிறகு வேறு வழி பிடித்தேன். பெயரின் ஒரு கீற்றை அடித்ததும் 13 மட்டும் அனுப்பினேன், 10 இல்லை. தலை இடது பக்கம் திரும்பும், தாள் நகராது. அதே கீற்றை அதே இடத்தில் இன்னொரு தரம் அடிக்கச் சொன்னேன். ஒரு பில்லுக்கு ஓரிரு விநாடி கூடும், பரவாயில்லை. ரோசாவில் பெயர் எழும்பி வந்தது.

ஒரே வரியில் இரண்டு தரம் போகும்போது சத்தம் மற்ற வரிகளைப் போல இராது, கொஞ்சம் அழுத்தி உரசும். அண்ணை இப்போது தராசடியில் நின்றபடியே அந்தச் சத்தத்துக்குக் காது கொடுக்கிறார். அது கேட்டதும் அடுத்த பெட்டியைப் பின்னுக்கு எடுக்கச் சொல்லிக் கையைக் காட்டுகிறார்.